பிரஷர்க் குளிசைக்கு இன்னொரு வேலை

சென்ற மாதம் எங்கள் ஊரில் கைபேசிக்குக் கைபேசி தாவிய ஒரு வாட்ஸ்அப் செய்தி என்னுள் மூட்டிய எரிச்சல் இன்னும் முற்றாகத் தணியவில்லை. ஹோர்மோனைத் தடுக்கின்ற சாதாரணக் குளிசை ஒன்றைக் கீமோ மருந்தோடு சேர்த்து விழுங்கினால் புற்றுநோய் வேரோடு அற்றுப்போகும் என்றும், இந்த இரகசியத்தை வைத்தியர்கள் வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றும், வாசித்தவர் உடனே பத்துப் பேருக்காவது அனுப்பிவைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

குளிசையின் பெயர் இல்லை. அளவு இல்லை. எந்த உறுப்பின் புற்றுநோய்க்கு என்ற விவரமும் இல்லை.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் அழித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அச்செய்தியின் அடியிலே, பல ஆண்டுகளாக நான் மிகுந்த ஆவலோடு தேடித்தேடி வாசித்துவரும் ஒரு மெய்யான விஞ்ஞான விஷயம் கிடக்கிறது. அந்த மெய்யைச் சிதைத்து, வருத்தத்தோடும் வறுமையோடும் போராடும் எங்கள் சனங்களின் கையில் அரைகுறையாகத் திணித்திருக்கிறார்களே என்பதுதான் என்னைச் சினங்கொள்ளச் செய்தது.

அச்செய்தி எங்கள் பெரியம்மாவையும் எட்டியிருந்தது. மாங்குளம் சந்தியில் விடியப்புறம் பஸ் ஏறி, ஏ9 வீதி வழியே யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ் பிடித்து, மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு, சோர்ந்த தேகத்தோடு அதே வழியால் திரும்பி வருபவர் அவர். பிரஷரும் இருக்கிறது, அதற்கு எங்கள் கிளினிக்கில் லொசார்டன் கொடுக்கிறார்கள். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய செய்தியை என்னிடம் நீட்டிக்கொண்டு கேட்டார்:

“தம்பி, நான் போடுற பிரஷர்க் குளிசையும் ஏதோ ஹோர்மோனைத் தடுக்கிறதெண்டு மோன் சொல்லுறான். அப்ப இன்னும் ஒண்டு கூடப் போடட்டோ?”

“பொறுங்கோ பெரியம்மா. ஒண்டும் கூடப் போடவேண்டாம். நான் வடிவா வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

வாசித்துவிட்டு அவருக்குச் சொன்னவற்றையும், சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். (நீண்ட பதிவுதான். ஆறுதலாக வாசியுங்கள்.)

ஹோர்மோன் என்றவுடன் நம்மவர் மனம் மாதவிலக்கு, பிள்ளைப்பேறு முதலிய விஷயங்களுக்கே ஓடுகிறது. ஆனால் தேகத்தின் ஒரு பாகத்தில் உற்பத்தியாகி, இரத்தத்தோடு பிரயாணஞ்செய்து, பிறிதொரு பாகத்துக்குக் கட்டளையிடும் இரசாயனப் பொருள்கள் யாவும் அந்த வகுப்பைச் சேர்ந்தவையே. இரத்தக் குழாய்களை இறுக்குகின்ற அஞ்சியோடென்சின், எலும்பையும் தசையையும் வளர்க்கின்ற வளர்ச்சி ஹோர்மோன், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குகின்ற அல்டொஸ்தெரோன், நெருக்கடி வேளையிற் சுரக்கின்ற கோர்ட்டிசோல் என்று பலவுண்டு. 1995 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, உலகமெங்கும் பரவி, காப்புரிமைக் காலம் கழிந்தபின் மலிவாகி, இன்று எங்கள் கிளினிக் வரிசையில் நிற்கும் வயோதிபர்களின் கொப்பிகளில் எழுதப்படும் லொசார்டன், அஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்தாகும். ஆகவே கனடாவிலிருக்கும் மகன் சொன்னது சரி.

இனி ராகேஷ் ஜெயின் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் கற்று, அமெரிக்கா சென்று, பொஸ்டன் நகரின் மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் தமது ஆராய்ச்சியை நடத்தி, 2016 இல் அந்நாட்டின் தேசிய விஞ்ஞானப் பதக்கத்தைப் பெற்ற இவர், தொழிலாற் பொறியியலாளர். அதனாற்போலும், நாம் நரம்பிலே ஏற்றும் மருந்து மெய்யாகவே கட்டியின் உள்ளே போய்ச் சேருகிறதா என்ற கேள்வியைத் தம் வாழ்நாட் கேள்வியாக எடுத்துக்கொண்டார். கணையம் முதலிய சில உறுப்புகளில் எழும் கட்டிகளில் நார்ப்பொருள் அடர்ந்து இறுகி, உள்ளேயுள்ள இரத்தக் குழாய்களை நெரித்துவிடுகிறது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அந்த நாரை மேலும் மேலும் உண்டாக்குமாறு உயிரணுக்களை ஏவும் சமிக்ஞைகளில் ஒன்று அஞ்சியோடென்சின். அதனை லொசார்டனால் தடுத்தால் நார் குறைந்து, நெரிபட்ட குழாய்கள் திறந்து, கீமோ மருந்து உட்புகும் என்பதை அவருடைய குழுவினர் 2013 இல் எலிகளிற் காட்டினார்கள்.

எலியிற் பலித்தது மனிதரிற் பலிக்காமற்போன கதைகள் வைத்திய சரித்திரத்தில் ஏராளம். ஆனால் 2019 இல் அதே வைத்தியசாலையிலிருந்து வேறொரு முடிவு வெளிவந்தது. கணையப் புற்றுநோய் பக்கத்து இரத்தக் குழாய்களைப் பற்றிக்கொண்டமையால் சத்திரசிகிச்சைக்கு இடமில்லை என்ற நிலையிலிருந்த 49 பேருக்கு, நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோவோடு லொசார்டனையும் கொடுத்து, பின்னர்க் கதிர்வீச்சும் செலுத்தினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டியை, வெட்டிய விளிம்பிலே நோயணு எஞ்சாதபடி முழுமையாக அகற்ற முடிந்தது. கணையப் புற்றுநோயின் கொடுமையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

எனினும் இங்கே நிதானம் வேண்டும். அந்தப் பரிசோதனையில் லொசார்டன் பெறாத ஒரு குழு ஒப்பீட்டுக்கு இருக்கவில்லை. நன்மையில் எவ்வளவு பங்கு கீமோவுக்கு, எவ்வளவு கதிர்வீச்சுக்கு, எவ்வளவு பிரஷர்க் குளிசைக்கு என்று அதனைக்கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. தவிரவும், பெரியம்மாவுடையது மார்பகப் புற்றுநோய். கணையத்திற் கண்டதை அப்படியே மார்பகத்துக்குக் கொண்டுபோக முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீமோவால் வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்பட்டு உடம்பில் நீர் வற்றியிருக்கும் ஒருவர் லொசார்டனை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் பிரஷர் அளவுகடந்து இறங்கி, சிறுநீரகம் பழுதுபட்டு, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, கட்டியினாலன்றிக் குளிசையினாலேயே உயிராபத்து வந்துவிடக்கூடும். காரணம் தெளிவாக விளங்காத சிறுநீரக நோயால் வவுனியாப் பக்கத்திற் குடும்பங்கள் படும் பாட்டைக் கண்டிருக்கிற நாம், இதை விளையாட்டாக எண்ணலாகாது.

இதே வகையில் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு கதை, எக்குவடோர் நாட்டின் தென்பகுதி மலைக்கிராமங்களில் தொடங்குகிறது. அங்கே சில குடும்பங்களில், வளர்ச்சி ஹோர்மோன் உடம்பிற் சுரந்தும் அதனை ஏற்கும் புரதம் பிறவியிலேயே பழுதுபட்டிருப்பதால், மிகவும் குட்டையாக வளர்கின்ற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 99 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஹைமே குவேவாரா அகிர்ரே என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், 2011 இல் ஓர் அதிசயத்தை அறிவித்தார்கள்: அந்த 99 பேரில் ஒரேயொருவருக்கு மாத்திரம், அதுவும் உயிரைக் கொல்லாத விதமாக, புற்றுநோய் வந்திருந்தது. அவர்களுடைய உறவினரிடையே அது 17 வீதம்!

அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் ஜோன் கொப்சிக் என்பவர் 1980 களின் பிற்பகுதியில், வளர்ச்சி ஹோர்மோனின் அமைப்பில் ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தபோது, மாறிய பொருள் வளர்ச்சியைத் தூண்டாமல் அதற்கே தடையாக நின்றதைக் கண்டார்; அதைத் தாங்கிப் பிறந்த எலிகள் குட்டையாயின. அந்தக் கண்டுபிடிப்பின் வழியே, கையும் காலும் தாடையும் வரம்பின்றிப் பெருத்துவிடும் அக்ரோமெகலி என்ற வியாதிக்கு பெக்விசோமன்ட் என்ற ஊசிமருந்து பிறந்து, 2003 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பின்னர் கொப்சிக்கும், அவருடைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரீட்டோபிரதா பாசு முதலானோரும், வளர்ச்சி ஹோர்மோனின் தூண்டுதலைத் தடுத்தால் மெலனோமா என்ற தோற் புற்றுநோயின் அணுக்கள் கீமோ மருந்துக்கு எளிதில் மடிகின்றன என்பதை ஆய்வுக்கூடத்திற் கண்டார்கள். எலிகளிலும் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள்.

இந்த இடத்தைப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தத்தான் நான் நிரம்பப் பாடுபட்டேன். உயிரணுவின் சவ்விலே புரதம் இருக்கிறது, அது மருந்தை வெளியே தள்ளுகிறது, ஹோர்மோன் அந்தப் புரதத்தைப் பெருக்குகிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன்; தலையை ஆட்டினாரேயன்றி முகத்திலே தெளிவு வரவில்லை. கடைசியில், மாரியிலே வயலுக்குள் வெள்ளம் ஏறினால் மெஷினை வைத்து இறைத்து வாய்க்காலுக்குள் விடுகிறோமே, அதுபோலப் புற்றணுவும் உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே விடுகிறது, அந்த மெஷினுக்கு எண்ணெய் ஊற்றுவது இந்த ஹோர்மோன் என்றேன்.

“அப்ப எண்ணெயை நிப்பாட்டினா மெஷின் நிண்டுபோம், மருந்து உள்ளுக்கு நிக்கும்” என்று, வாக்கியத்தை நான் முடிக்குமுன் அவரே முடித்துவிட்டார். அன்று எனக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை.

ஆயினும் பெக்விசோமன்ட் மிகுந்த விலையுள்ள மருந்து. நாடோறும் ஊசியாக ஏற்ற வேண்டியது. புற்றுநோய்க்கு அதனைக் கீமோவோடு கொடுப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையைக் கடக்கவில்லை. வயிற்றில் நீர் சேர்ந்தாலும் இருதயம் பலவீனப்பட்டாலும் எங்கள் வாட்டுகளிற் கொடுக்கும் ஸ்பைரோனோலக்டோனும் (அல்டொஸ்தெரோனைத் தடுப்பது அது) இப்படியொரு நம்பிக்கையைத் தருகிறது. பிளாட்டினம் சார்ந்த கீமோ மருந்துகள் சிதைத்த மரபணு இழையைப் புற்றணு திருத்திக்கொள்ள உதவும் ஒரு புரதத்தை அந்தக் குளிசை அழித்துவிடுகிறது என்று 2014 இல் பிரான்ஸ் தேச ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதுவும் ஆய்வுக்கூட அணுக்களிற் கண்டதே.

மேலே சொன்ன நான்கு ஹோர்மோன்களுள், கீமோவோடு சேர்த்துத் தடுத்தபோது மனிதரில், ஒப்பீட்டுக் குழுவோடு, உயிரை நீட்டியதாகக் காட்டப்பட்ட சான்று கோர்ட்டிசோலைத் தடுக்கும் வழியிலே கிடைத்திருக்கிறது. பிளாட்டினம் மருந்துகளுக்கு மசியாத சூலகப் புற்றுநோயுள்ள 381 பெண்களிடையே நடத்தப்பட்டு, 2025 இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்த ரோசெல்லா என்னும் பரிசோதனையில், கீமோவை மாத்திரம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் ஏறக்குறைய பதினொன்றரை மாதமாகவும், அதே கீமோவோடு ரெலகோரிலன்ட் என்ற கோர்ட்டிசோல் தடுப்பு மருந்தையும் பெற்றவர்களுடையது 16 மாதமாகவும் இருந்தன. நாலரை மாதம் என்பது கணக்கிலே சிறிதாகத் தோன்றலாம். பிள்ளையின் கலியாணத்தைக் கண்டுவிட்டுப் போக வேண்டும் என்றிருக்கும் ஒரு தாய்க்கு அது சிறிதன்று.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ரெலகோரிலன்ட் பழைய மருந்தன்று, புதிதாக ஆக்கப்பட்டது. அதற்கு வழிகாட்டிய பழைய மருந்து, 1980 இல் பிரான்சிலே தயாரிக்கப்பட்ட மிபெப்பிரிஸ்டோன். அந்த மருந்தைக் கீமோவோடு இணைத்துப் பார்க்கும் முயற்சியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சுசேன் கொன்சன் முதலானோர் மார்பகப் புற்றுநோயாளர் சிலரிடம் முன்னரே செய்திருந்தார்கள். பெரும் பரிசோதனைக்குப் பணம் கிடைத்ததோ புதிய மருந்துக்கு. கருவைக் கலைக்கும் குணம் புதியதில் இல்லை என்பது அதற்கொரு நியாயமான காரணம். ஆனால் அதற்கப்பாலும் ஒரு காரணம் உண்டென்பது என் அபிப்பிராயம்: காப்புரிமை முடிந்த பழைய குளிசையைப் புதிய நோய்க்கு நிரூபிக்கக் கோடிக்கணக்கிற் செலவழிக்கும் கம்பனிக்கு அந்தச் செலவை மீட்பதற்கு வழியில்லை; நிரூபணமான மறுநாளே வேறெவரும் அதே குளிசையைச் சல்லி விலைக்கு விற்கலாம். எனவே மலிவான மருந்துகள், மலிவாயிருப்பதனாலேயே பரீட்சிக்கப்படாமற் கிடக்கின்றன. ஏழை நாடுகளுக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறென்ன?

இனி, எதையும் எதோடும் சேர்த்தால் நன்மைதான் என்று எண்ணுவோருக்காகத் தமொக்சிபென்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பனியின் இரசாயன அறிஞர் டோரா றிச்சட்சன் 1962 இல் ஆக்கிய அம்மருந்து, கருத்தடைக்கென்று எண்ணப்பட்டு, அதற்குப் பயன்படாமற்போய், மான்செஸ்டர் நகரின் கிறிஸ்ரி வைத்தியசாலையில் முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள 46 பெண்களிடம் பரீட்சிக்கப்பட்டது; முடிவு 1971 இல் வெளிவந்தது. அவர்களில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. அன்று தொடங்கி இன்றுவரை அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் இத்தனை நல்ல மருந்தைக் கீமோவோடு ஒரே காலத்திற் கொடுத்தால் என்ன நிகழும்? அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற பெண்கள் 1,500 பேரளவில் பங்குபற்றி, 2009 இல் முடிவு வெளியான பரிசோதனையொன்றில், கீமோ முடிந்தபின் தமொக்சிபென் பெற்றவர்களின் நிலை, இரண்டையும் ஒருங்கே பெற்றவர்களின் நிலையைவிட மேலாகத் தோன்றியது. கீமோ மருந்துகளிற் பல, பிரிந்து பெருகும் அணுவையே தாக்குகின்றன. தமொக்சிபெனோ அணுவின் பெருக்கத்தை அடக்கிவிடுகிறது. அடங்கியிருக்கும் அணு கீமோவுக்குத் தப்பிவிடக்கூடும் என்பது அறிஞர் கூறும் விளக்கம்.

தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குப் போய்வரும் பெண்கள் பலர் என்னிடம் கேட்டதுண்டு: “இந்தக் குளிசையை ஏன் கீமோ எல்லாம் முடிஞ்சாப்பிறகு தாறாங்கள்? முதலே தந்திருந்தாக் கெதியாச் சுகம் வந்திருக்குமெல்லோ?” சகோதரிகளே, வைத்தியர்கள் உங்களைக் காக்கவைத்ததற்குக் காரணம் இதுதான்.

எனவே, சேர்க்கலாமா, எப்போது சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்பவற்றை முறையான பரிசோதனையொன்றே தீர்மானிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையை யார் நடத்துவது? கம்பனிகள் நடத்தமாட்டா என்றால், பொதுமக்களின் வைத்தியசாலைகள் நடத்த வேண்டும். நடத்த முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் மும்பையைப் பார்க்கட்டும். அங்கே டாட்டா நினைவு வைத்தியசாலையைச் சேர்ந்த ராஜேந்திர பாட்வேயும் சகாக்களும், மார்பகச் சத்திரசிகிச்சைக்கு முன் புரோஜெஸ்தெரோன் வகை ஹோர்மோன் ஊசியை ஒரேயொரு முறை ஏற்றினால் என்னவாகும் என்று 1,000 பெண்களிடம் பரீட்சித்து 2011 இல் அறிவித்தார்கள். மொத்தத்தில் வித்தியாசமில்லை, ஆனால் அக்குளின் நிணக்கழலைகளுக்கு நோய் பரவியவர்களிடையே நன்மை தெரிந்தது. பின்னர், பல்லுப் பிடுங்குமுன் விறைப்பதற்கு ஏற்றும் லிக்னொகெயின் மருந்தைச் சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னர்க் கட்டியைச் சுற்றி ஏற்றி, இந்தியாவின் 11 நிலையங்களில் 1,600 பெண்களிடம் பரீட்சித்தார்கள். ஐந்தாண்டின் முடிவில் உயிரோடிருந்தோர், ஊசி பெற்றவர்களில் 90.1 வீதம், பெறாதவர்களில் 86.4 வீதம். 2023 இல் வெளிவந்த அந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தது. அந்த ஊசிமருந்தின் விலையோ மிகவும் அற்பம்!

இங்கிலாந்திலும், அரசாங்கச் சுகாதார சேவையே முன்னின்று, காப்புரிமை முடிந்த அனஸ்ரசோல் என்னும் ஹோர்மோன் தடுப்புக் குளிசைக்கு, மார்பகப் புற்றுநோய் வராமற் காக்கும் புதிய உபயோகத்துக்கான அனுமதியை 2023 நவம்பரில் பெற்றுக்கொடுத்தது. கம்பனி செய்யாததை அரசு செய்தது.

அப்படியானால் நாங்கள்? இலவச வைத்தியத்தைத் தலைமுறைகளாகக் காத்துவரும் நாடு இது. மருந்தின் கம்பனிப் பெயரை விட்டுப் பொதுப்பெயரால் எழுதுங்கள், மலிவாக வாங்குங்கள், வேண்டியதை மாத்திரம் வாங்குங்கள் என்று உலகத்துக்கே பாடஞ்சொன்ன பேராசிரியர் சேனக பிபிலே பிறந்த மண். 1971 இல் அவர் தலைமையில் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்துக்கடையில் லொசார்டன் வாங்கும்போதெல்லாம் அவரை நான் நன்றியோடு நினைப்பதுண்டு. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைதானும், 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகக் கால்நடையாக நடந்து சேர்த்த பணத்தால் எழுந்தது. ஒரு கட்டடத்துக்காக அவ்வளவு தூரம் நடக்க முடிந்த மக்களால், மலிவான பழைய குளிசையொன்றை முறைப்படி பரீட்சிக்கும் செலவையும் சுமக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மருந்து கிளினிக்கில் ஏற்கெனவே இருக்கிறது. நோயாளர், துரதிர்ஷ்டவசமாக, வேண்டிய அளவு இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. மகரகமவில் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. பரிசோதனைத் திட்டத்தை எழுதி, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி பெற்று, பத்து ஆண்டுகள் பொறுமையோடு கணக்கு வைக்கும் மனத்துணிவும், அதற்கு ஒரு நிதியுமே வேண்டியவை.

கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். ஊர் வைத்தியசாலைகளுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் அனுப்புகிறீர்கள், மெத்த உபகாரம். அடுத்த தடவை ஒன்றுகூடும்போது, எங்கள் வைத்தியர்கள் நடத்தும் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிதி தொடங்குவதைப் பற்றியும் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அம்மாவுக்கு அனுப்புமுன், அம்மாவின் வைத்தியரிடம் கேட்கச் சொல்லி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். பிரஷர்க் கிளினிக்குக்கு ஒரு கொப்பி, புற்றுநோய்க் கிளினிக்குக்கு வேறொரு கொப்பி என்று வைத்திருக்கிறோம். ஒன்றை எழுதும் வைத்தியர் மற்றதைக் காண்பதேயில்லை. இனிமேல் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இரண்டு கொப்பிகளையும் ஒருங்கே எடுத்துச் சென்று, கீமோ எழுதும் வைத்தியரின் மேசையில் வைத்து, இந்தக் குளிசைகள் கீமோவோடு ஒத்துப்போகுமா, வாந்தி வரும் நாட்களில் எதை நிறுத்த வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் சொல்லாமல் ஒரு குளிசையைக் கூட்டவும் வேண்டாம். ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம்.